கந்தலும் காகிதமும் மங்கலமும்

(விழாவையொட்டி அமைந்த மகளிர் கைவினைக் கண்காட்சியின் தொடக்க உரை)



துணி என்னும் சொல்லின் பொருளைச் சிறு வகுப்பு மாணவரும் அறிவர். அதன் பிறப்பை எண்ணிப் பார்ப்பவர் சிலரே. துணித்தல் என்றால் வெட்டுதல். தறியில் நீளமாக ஓடும் நெசவிலிருந்து துணித்து எடுக்கப்படுவதால் அது துணி. சங்க காலத்தில் அதற்கு அறுவை என்றும் பெயர் வழங்கியது. அறுத்து எடுக்கப்படுவது என்பதே அங்கும் பொருள். துணி வணிகம் செய்துகொண்டே பாட்டும் இயற்றிய இளவேட்டனார், மதுரை அறுவை வாணிகன் என்னும் அடைமொழியோடுதான் புலவர் வரிசையில் நிற்கிறார். திருமண அழைப்புக்கு வழங்கும் பத்திரிகை என்ற சொல்லும் இத்தகையதே. பத்திரம் என்பது வடமொழியில் இலை. ஓலையில் எழுதிய காலம் போய், தாளில் அச்சிட்ட காலமும் போய், இன்று கைப்பேசித் திரையில் வந்து விழும் அழைப்பும் 'பத்திரிகை'தான். காகிதம் பாரசீக மொழி வழியே வந்த சொல். கடுதாசி போர்த்துக்கீசியரோடு கப்பலில் வந்தது. பொருள்கள் மாறினாலும், மங்கல நாளில் இலையும் துணியும் மனிதரோடு சேர்ந்தே நிற்கின்றன.

அரங்கின் வெளியே மேசைகளில் பரப்பி வைத்திருக்கும் பொருள்களை அவையோர் கண்டிருப்பார்கள். காகிதத் தோரணம், துணி மாலை, தாம்பூலப் பை, மணமக்கள் பெயர் பின்னிய கைத்துண்டு, ஆரத்தித் தட்டுக்கான விரிப்பு, சுவடி கட்டும் உறை. அழகாயிருக்கிறது என்று சொல்லிவிட்டு நகர்வது எளிது. செய்தவர் கைக்கு அது போதுமான மரியாதை ஆகாது. அப்பொருள்களின் முன் நின்று கேட்க வேண்டிய கேள்விகள் இரண்டு உண்டு. எதனால் ஆனது? விழா முடிந்த மறுநாள் எங்கே போகும்?

சமண இல்லங்களுக்குக் கேள்வி கேட்பது புதிதன்று. இனிப்பில் தேன் சேர்ந்திருக்கிறதா, குழம்பில் கிழங்கு சேர்ந்திருக்கிறதா, பொழுது சாய்வதற்குள் பந்தி முடியுமா என்று கேட்டு உறுதிசெய்த பிறகே இலையில் அமரும் மரபினர் இவர்கள். அந்த இனிப்பைச் சுற்றிய உறை எதனால் ஆனது என்று மட்டும் ஒருவரும் கேட்பதில்லை. பந்தலை அழகுசெய்த பொருளில் எந்த உயிரின் தோல், எந்தப் புழுவின் கூடு கலந்திருக்கிறது என்றும் கேட்பதில்லை. சமையற்கட்டில் விழித்திருக்கும் அகிம்சை, பந்தல் வாசலில் சற்றே உறங்கிவிடுகிறது.

தாளிலிருந்து தொடங்குவது முறை. கி.பி. 105-இல் சீன அரசவையைச் சேர்ந்த சாய் லுன், மரப்பட்டையும் சணலும் பழந்துணியும் கிழிந்த மீன்வலையும் கொண்டு தாள் செய்யும் முறையை மன்னனுக்குத் தெரிவித்தார் என்பது வரலாறு. அந்த மூலப்பொருள் பட்டியலில் பாதி, பிறர் எறிந்துவிட்ட பொருள் என்பதைக் கவனிக்க வேண்டும். தாள் தன் பிறப்பிலேயே கந்தலுக்கு உறவு. மரக்கூழிலிருந்து தாள் எடுக்கும் ஆலைகள் 19-ஆம் நூற்றாண்டில்தான் பெருகின. அதற்கு முன் ஐரோப்பாவில் கந்தல் பொறுக்குவோரை நம்பியே அச்சுத்தொழில் நடந்தது.

இன்றும் கைத்தாள் செய்யும் இடங்களில் பருத்திக் கந்தலே உயர்ந்த மூலப்பொருள். செய்ப்பூரை அடுத்த சங்கானேரில் காக்ஸி என்று தொழிலையே குடிப்பெயராகக் கொண்ட குடும்பங்கள் தலைமுறைகளாக இதைச் செய்துவருகின்றன. புதுச்சேரியில் அரவிந்தர் ஆசிரமத்தைச் சார்ந்த கைத்தாள் ஆலை 1959 முதல் இயங்குகிறது. திருப்பூர் போன்ற பின்னலாடை ஊர்களில் பனியன் வெட்டும்போது விழுகிற துண்டுகள் இதற்கு மிகவும் ஏற்றவை. முதலில் பெண்கள் அமர்ந்து துணியைத் தரம் பிரிப்பார்கள். பொத்தான், கொக்கி, ரப்பர் நாடா எல்லாம் நீங்க வேண்டும். பாலியெஸ்டர் கலந்த துணி கூழாகாது. அதையும் விலக்க வேண்டும். பிறகு சிறு சிறு துண்டுகளாக நறுக்கி, நீரோடு சேர்த்து இழை இழையாகப் பிரியும்வரை அடிப்பார்கள். மோர் போல் நீர்த்த அந்தக் கூழ்த்தொட்டியில் சல்லடைச் சட்டத்தை அமிழ்த்தி, மட்டமாகத் தூக்கி, ஒருமுறை முன்னும் பின்னும், ஒருமுறை பக்கவாட்டிலும் அசைக்கும்போது இழைகள் ஒன்றோடொன்று பின்னிக்கொள்கின்றன. நீர் வடிய, சட்டத்தின் மேல் தாள் நிற்கும். அதைத் துணியின் மேல் கவிழ்த்து, அடுக்கி, அழுத்தி, கொடியில் உலர்த்துவார்கள். சட்டத்தை அசைக்கும் அந்தக் கண நேரக் கைத்திறனில்தான் தாளின் தரம் இருக்கிறது.

தாள் உலர்ந்தவுடன் எழுதிவிட முடியாது. மை ஊறிப் பரவும். ஆகவே தாளுக்குப் பசை பூச வேண்டும். சமண இல்லங்கள் அறிந்துகொள்ள வேண்டிய செய்தி இங்கேதான் இருக்கிறது. இத்தாலியின் பாப்ரியானோ ஊரில் 13-ஆம் நூற்றாண்டின் இறுதிவாக்கில் தொடங்கி, ஐரோப்பியர் விலங்குகளின் தோலையும் எலும்பையும் காய்ச்சி எடுத்த ஜெலட்டினைத் தாளுக்குப் பூசினார்கள். ஓவியர் பயன்படுத்தும் உயர்தர நீர்வண்ணத் தாள்கள் சிலவற்றில் இன்றும் அதுவே பூசப்படுகிறது. இந்தியத் தாள்வினைஞர் பூசியது மாவுக்கஞ்சி. அரிசி அல்லது கோதுமைக் கஞ்சியைப் பூசி, வழவழப்பான கல்லால் தேய்த்துத் தேய்த்துப் பளபளப்பேற்றினார்கள். குசராத்திலும் இராசத்தானிலும் சமண ஞானபண்டாரங்களில் அடுக்கிவைத்த ஆயிரமாயிரம் தாட்சுவடிகள் இத்தகைய தாளில் எழுதப்பட்டவை.

அந்தச் சுவடிகளைப் பற்றி ஒரு செய்தியைச் சொல்லாமல் கடக்க மனம் வராது. மேற்கிந்தியச் சமணர் 14-ஆம் நூற்றாண்டில் ஓலையிலிருந்து தாளுக்கு மாறினார்கள். தாளை விரும்பிய வடிவில் வெட்டலாம். எனினும் அவர்கள் ஓலையைப் போலவே அகலம் நீண்டு உயரம் குறுகிய வடிவில் வெட்டினார்கள். ஓலைக்கு நடுவே கயிறு கோக்கத் துளை உண்டு. தாளுக்குத் துளை தேவையில்லை. இருந்தும் துளை இருக்க வேண்டிய இடத்தை எழுதாமல் விட்டு, அங்கே செம்பொட்டோ சிறு பூவோ வரைந்தார்கள். பயன் போய்விட்ட பின்னும் பழைய துளை அழகாக மாறி நின்றது. கைவினையில் மரபு என்பது எப்படி வாழ்கிறது என்பதற்கு இதைவிடச் சிறந்த சான்று கிடைப்பது அரிது.

ஆதிநாதர் மாந்தர்க்கு அறுதொழில் கற்பித்தார் என்பது ஆதிபுராணம் கூறும் செய்தி. வாள், மசி, உழவு, கல்வி, வாணிகம், சிற்பம் என்னும் அந்த ஆறனுள் இரண்டாவதாக நிற்பது எழுதும் மசி; ஆறாவதாக நிற்பது கைவினை. எழுதுவதும் இழைப்பதும் ஒரே ஆசானிடம் கற்றவை என்பது சமணரின் நம்பிக்கை.

அழைப்பிதழ் என்றதும், உலகிலேயே மிக நீண்ட அழைப்பிதழ்களை எழுதியவர்கள் சமணர்களாகத்தான் இருப்பார்கள் என்று சொல்லத் தோன்றும். சுவேதாம்பர மரபில் விஞ்ஞப்தி பத்திரம் என்று ஒன்று உண்டு. மழைக்காலத் தங்கலுக்குத் தங்கள் ஊருக்கு எழுந்தருள வேண்டும் என்று ஓர் ஊர்ச் சங்கத்தார் ஆசாரியரை வேண்டி அனுப்பும் மடல் அது. தாள்களை ஒன்றோடொன்று ஒட்டி நீண்ட சுருளாக்கி, மங்கலச் சின்னங்களையும், ஊரின் கடைத்தெருவையும், கோயிலையும், வழிபடும் மக்களையும் வண்ணத்தில் தீட்டி, இறுதியில் வேண்டுகோளை எழுதுவார்கள். 1610-இல் ஆக்ராச் சங்கத்தார் விசயசேன சூரிக்கு அனுப்பிய சுருளை உஸ்தாத் சாலிவாகனர் என்ற ஓவியர் தீட்டினார். பர்யூசண நாள்களில் உயிர்க்கொலை கூடாது என்று பேரரசர் சகாங்கீர் பிறப்பித்த ஆணை அதில் காட்சியாக வரையப்பட்டுள்ளது. அழைப்பிதழே ஊரின் வரலாற்று ஆவணமாகிவிட்டது. இன்று ஐந்நூறு பேருக்கு ஒரே நாளில் அச்சாகி, மணநாள் கழிந்ததும் பழைய தாள்காரரிடம் போகும் அழைப்பிதழை நானூறு ஆண்டு கழித்து யார் காப்பார்?

அத்தனை விரிவு எல்லார்க்கும் இயலாது, வேண்டியதும் இல்லை. கைத்தாளில் அழைப்பு அச்சிடுவது இன்று இயல்கின்ற செயல்தான். விலை கூடுதலே. ஆகவே ஐந்நூறும் கைத்தாளில் அடிக்க வேண்டியதில்லை. நேரில் சென்று மஞ்சள் தடவிக் கொடுக்கும் ஐம்பது பெரியவர்களுக்குக் கைத்தாள் மடல், ஏனையோர்க்கு எளிய அட்டை என்று பகுத்துக்கொள்ளும் குடும்பங்கள் உண்டு. கடையில் வாங்கும்போது, தாளுக்குப் பூசிய பசை தாவரப் பசையா என்று கேட்பது தவறாகாது. விதை பொதிந்த தாள் என்று ஒன்று இப்போது புழக்கத்தில் இருக்கிறது. நட்டால் செடி முளைக்கும் என்கிறார்கள். எண்ணம் நல்லதே. ஆனால் அடுக்ககத்தின் ஏழாம் மாடியில் அந்த அழைப்பிதழைப் பெறுபவர் அதை எங்கே நடுவார் என்று அச்சிட்டவரும் எண்ணுவதில்லை.

அட்டையைவிடப் பெரிய குறை அதன் மேல் சுற்றிய கண்ணாடித் தாளில் இருக்கிறது. 2022 சூலை 1 முதல் நாடு முழுதும் தடை செய்யப்பட்ட ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிப் பொருள்களின் பட்டியலை எடுத்துப் படித்தால், அது ஏறத்தாழ ஒரு திருமணச் செலவுப் பட்டியல் போலவே இருக்கும். அழைப்பிதழின் மேல் சுற்றும் நெகிழிப் படலம், இனிப்புப் பெட்டியின் மேல் சுற்றும் படலம், பலூன் குச்சி, நெகிழித் தட்டு, குவளை, கரண்டி, அலங்காரத்துக்கான தெர்மாகோல் எல்லாம் அதில் உண்டு. மணமேடைக்குப் பின்னே தெர்மாகோலில் வெட்டிய பெயர்ப்பலகை இன்றும் சில மண்டபங்களில் நிற்பதைக் காணலாம். மறுநாள் அது தூள் தூளாக உடைந்து, வாய்க்காலில் மிதந்து, மாடு மேயும் இடத்தில் ஒதுங்குகிறது. பசுவின் வயிற்றில் போய்ச் சேரும் அலங்காரத்தை மங்கலப் பொருள் என்று எவ்வாறு சொல்வது?

தெர்மாகோலுக்கு முன் பந்தல்கள் வெறுமையாகவா நின்றன? தேர்த்திருவிழா கண்டவர்கள் தொம்பையை அறிவார்கள். தேரின் மூலைகளிலும் மண்டபத் தூண்களின் இடையிலும் உருளை வடிவில் தொங்கி, காற்றில் மெல்லச் சுழலும் துணிவேலை அது. வெள்ளைத் துணியின் மேல் சிவப்பு, பச்சை, கறுப்புத் துணிகளில் அன்னமும் யாளியும் தாமரையும் வெட்டி ஒட்டித் தைத்து, மேலும் கீழும் வளையம் கோத்து, அடுக்கடுக்காகத் தொங்கவிடுவார்கள். மேலே விதானமாகக் கட்டும் அலங்காரத் துணிக்கு அசுமானகிரி என்று பெயர். வாயிலில் தொங்குவது வாசமாலை. கும்பகோணத்தை அடுத்த சிக்கல்நாயக்கன்பேட்டையில் இத்தகைய துணிகளில் எழுதுகோல் கொண்டு சித்திரம் தீட்டும் குடும்பங்கள் இன்றும் உள்ளன. அந்தக் கலை கருப்பூர் கலம்காரி என்ற பெயரில் புவிசார் குறியீடு பெற்றிருக்கிறது. தொம்பையின் சிறப்பு அது திரும்பி வருவது. தேர் நிலைக்கு வந்ததும் வளையத்தைக் கழற்றித் துணியை மடித்துப் பெட்டியில் வைத்தால் அடுத்த ஆண்டுக்கு அதுவே. கிழிந்த இடத்தில் ஒட்டுப் போட்டால் மேலும் சில ஆண்டு. மேல்சித்தாமூரிலோ வேறு ஊரிலோ தேர் பார்க்கச் செல்பவர்கள், தேரின் உச்சியை மட்டும் வணங்கிவிட்டு வந்துவிடாமல், அதில் தொங்கும் துணியின் தையலையும் ஒருமுறை உற்றுப் பார்க்க வேண்டும்.

காகிதத் தோரணம் அத்தனை நாள் உழைப்பதில்லை. பட்டம் விடும் மெல்லிய வண்ணத் தாளை முக்கோணமாக மடித்து வெட்டி, சணல் கயிற்றில் மைதாப் பசையால் ஒட்டித் தெரு முழுதும் கட்டுவது சிற்றூர்த் திருமணங்களின் வழக்கம். திருமணத்துக்கு முந்தைய இரவு அண்டை வீட்டுப் பிள்ளைகள் எல்லாம் திண்ணையில் கூடி ஒட்டுவார்கள். ஒரு மழை வந்தால் சாயம் வழிந்து, இரண்டு நாளில் மண்ணாகிப் போகும். மண்ணாகிப் போவதுதான் அதன் பெருமை. பசையைப் பற்றி இங்கே ஒரு சொல். மைதாவைக் காய்ச்சிச் சிறிது மயில்துத்தம் சேர்ப்பது பழைய முறை. அது பூச்சி அண்டாமல் காக்கும். மயில்துத்தம் நஞ்சு, சிறுவர் கையில் கொடுக்கலாகாது. அது இல்லாமலே புளியங்கொட்டையை ஊறவைத்து அரைத்துக் காய்ச்சிய பசை நன்றாகப் பிடிக்கும். மரவேலைக்கும் புத்தகக் கட்டுக்கும் முன்பு வழங்கிய வச்சிரம் என்பது விலங்குத் தோலைக் காய்ச்சி எடுத்த பசை. பெயர் கம்பீரமாக இருப்பதால் அதன் பிறப்பு பலருக்குத் தெரிவதில்லை.

அடுத்து, மஞ்சள் பை. தேங்காய், வெற்றிலை, பாக்கு வைத்துக் கொடுத்த தாம்பூலப் பை, திருமணம் முடிந்த பிறகுதான் தன் உண்மையான வாழ்வைத் தொடங்கியது. காய்கறிச் சந்தைக்கும், பள்ளிக்கூடத்துக்கும், நிலப்பத்திரத்தோடு நீதிமன்றத்துக்கும் அது சென்றது. மணமக்கள் பெயர் சாயம் போய் மங்கும்போது அவர்களுக்குப் பிள்ளைகள் பள்ளியில் படித்துக்கொண்டிருப்பார்கள். இடையில், கையில் மஞ்சள் பை வைத்திருப்பவனை நாகரிகம் அறியாதவன் என்று நகைக்கும் காலம் ஒன்று வந்தது. தமிழ்நாட்டில் 2019 சனவரி 1 முதல் ஒருமுறைப் பயன்பாட்டு நெகிழிக்குத் தடை வந்தது. 2021 திசம்பரில் அரசே 'மீண்டும் மஞ்சப்பை' இயக்கத்தைத் தொடங்கியது. நகைத்தவர்கள் இன்று அதையே விலை கொடுத்து வாங்குகிறார்கள்.

ஆனால் பையைக் கையில் வாங்கும்போது ஏமாறக்கூடாது. துணியைப் போலவே மெத்தென்றிருக்கும் ஒருவகைப் பை திருமண வீடுகளில் ஏராளமாக வழங்கப்படுகிறது. அது நெய்யப்படாதது. பாலிப்ரொப்பிலீன் என்னும் நெகிழி இழைகளை வெப்பத்தால் அழுத்தி ஒட்டிய தகடு. தமிழ்நாட்டின் தடைப்பட்டியலிலும் அது உண்டு. கண்டறிவது கடினமன்று. துணி என்றால் ஊடும் பாவும் இருக்க வேண்டும். ஓரத்தைப் பிரித்து ஒரு நூலை இழுத்துப் பார்த்தால் நூல் தனியே வரும். நெகிழிப் பையில் இழுக்க நூலே இருக்காது. மேற்பரப்பில் ஊசிமுனை போன்ற புள்ளிகள் வரிசையாகப் பதிந்திருக்கும். சில மாத வெயிலில் அது உதிர்ந்து தூளாகும். அந்தத் தூள் மண்ணில் கரையாது.

தைக்கத் தெரிந்தவர்களுக்காக ஒரு கணக்கு. 90 செ.மீ. அகலமுள்ள கோராத்துணி ஒரு மீட்டர் எடுத்துக்கொள்ள வேண்டும். அதை முன்னதாக நனைத்து உலர்த்திச் சுருக்கம் போக்கியிருக்க வேண்டும். அளவு அதன் பிறகுதான். அகலத்தில் 12 செ.மீ. பட்டையை நீளவாக்கில் வெட்டி ஒதுக்கினால் 78 செ.மீ. மீதம். எஞ்சிய துணியை நீளத்தில் மூன்றாகப் பகுத்தால் 33 செ.மீ. அகலமும் 78 செ.மீ. நீளமும் உள்ள துண்டுகள் மூன்று. ஒவ்வொன்றையும் நடுவில் மடித்து, இரு பக்கமும் தைத்து, வாயை மடக்கித் தைத்தால் ஏறத்தாழ 31 செ.மீ. அகலமும் 36 செ.மீ. உயரமும் உள்ள பை. ஒதுக்கிவைத்த பட்டையை 6 செ.மீ. அகலத்தில் இரண்டாகவும் நீளத்தில் மூன்றாகவும் வெட்டினால் ஆறு கைப்பிடிகள், பைக்கு இரண்டு. ஒரு மீட்டருக்கு மூன்று பை. முந்நூறு விருந்தினருக்கு நூறு மீட்டர். கழிவு என்று கையில் மிஞ்சுவது ஒரு பிடி நூல்தான். இரண்டு தையல் இயந்திரமும் நான்கு பெண்களும் இருக்கும் தெருவில், நிச்சயதார்த்தத்துக்கும் முகூர்த்தத்துக்கும் இடைப்பட்ட நாள்களில் முடியக்கூடிய வேலை. அந்தத் தையற்கூலி ஊரை விட்டு வெளியே போகாது என்பதையும் கணக்கில் சேர்க்க வேண்டும். தஞ்சாவூரில் 1892-இல் பிறந்த ஜே.சி. குமரப்பா, வார்தாவில் இருந்துகொண்டு அகில இந்தியக் கிராமத் தொழில் சங்கத்தை நடத்தியபோது திரும்பத் திரும்ப வற்புறுத்தியது இந்தக் கணக்கைத்தான். அச்சங்கம் வளர்த்த தொழில்களுள் கைத்தாளும் ஒன்று. செய்ப்பூரில் உள்ள தேசியக் கைத்தாள் நிறுவனம் இன்று அவர் பெயரையே தாங்கியிருக்கிறது.

பட்டைப் பற்றிப் பேசாமல் இந்த அவையில் துணியைப் பற்றிப் பேசுவது நேர்மையாகாது. பட்டுப்புழுவைக் கூட்டினுள்ளேயே வெப்பத்தால் கொன்ற பிறகுதான் இழை அறுபடாமல் எடுக்கப்படுகிறது. ஒரு புடவைக்கு ஆயிரக்கணக்கான கூடுகள் வேண்டும். இது அவையோர் அறியாததன்று. காஞ்சிபுரம், ஆரணி வட்டாரங்களில் சமணர் வாழும் ஊர்களைச் சூழவும் பட்டுத்தறியால் வாழும் குடும்பங்கள் மிகப் பல. அவர்கள் தொழிலைப் பழிப்பது இந்த உரையின் நோக்கமன்று. முகூர்த்தப் புடவை எது என்பது அந்தந்த இல்லத்தின் மனச்சான்றுக்கு உரியது. அந்துப்பூச்சி கூட்டைத் துளைத்து வெளியேறிய பின் எஞ்சிய கூட்டிலிருந்து நூற்கும் முறையை ஐதராபாத்தைச் சேர்ந்த குசுமா இராசய்யா அகிம்சைப் பட்டு என்ற பெயரில் பரப்பினார். இழை அறுந்து போவதால் அதை நூற்க வேண்டியிருக்கிறது. வழக்கமான பட்டின் பளபளப்பு அதில் குறைவு, விலை மிகுதி. அதை உடுத்துபவர்கள் உளர். புடவை ஒருபுறம் இருக்கட்டும். சீர்வரிசைத் தட்டின் விரிப்பும், பரிசுப் பையும், பூச்செண்டைச் சுற்றும் நாடாவும் பட்டாக இருக்க வேண்டிய கட்டாயம் என்ன? ஒரு மணி நேரம் மேசையில் கிடக்கப்போகும் விரிப்புக்காக ஓர் உயிர் போக வேண்டுமா? செயற்கைப் பட்டு என்று மலிவாகக் கிடைப்பது நெகிழி இழை. அங்கே புழு சாவதில்லை, ஆனால் துணியும் சாவதில்லை.

பருத்தியும் குற்றமே இல்லாதது என்று சொல்லிவிட முடியாது. பூச்சிக்கொல்லி மிகுதியாகத் தெளிக்கப்படும் பயிர்களுள் அது ஒன்று. இதை ஓர்ந்தால், புதிதாக நெய்த துணியைவிட வீட்டில் ஏற்கெனவே இருக்கும் துணியே அகிம்சைக்கு மிக அண்மையில் நிற்கிறது என்பது புலப்படும். பழைய வேட்டி, சாயம் மங்காத புடவைத் தலைப்பு, தையற்காரர் வீட்டு வெட்டுத்துண்டு இவற்றிலிருந்து செய்த தோரணத்துக்காகப் புதிதாக எந்த உயிரும் துன்புறவில்லை. வெளியே மூன்றாவது மேசையில் இருக்கும் வண்ணத் துணித்தோரணம் முழுதும் அப்படிச் செய்ததே. பாட்டியின் புடவை பேத்தியின் மணவாயிலில் தொங்குகிறது என்றால், அதை விலை கூறி விற்கும் கடை எதுவும் இல்லை.

தோரணம் என்றதும் உ.வே. சாமிநாதையர் தம் வாழ்க்கை வரலாற்றில் பதிந்துவைத்த ஒரு செய்தி நினைவுக்கு வர வேண்டும். சீவக சிந்தாமணியைப் பதிப்பிக்கும் முயற்சியில் கும்பகோணத்துச் சமணர்களை நாடிச் சென்ற நாள்களில், ஒரு சமண இல்லத்தின் வாயிலில் கோலமும் தோரணமும் கண்டு, இன்று என்ன விசேடம் என்று வினவினார். திருமணம் இல்லை, பண்டிகை இல்லை. அந்த வீட்டில் பல மாதங்களாகச் சிந்தாமணியைப் படித்துக் கேட்டு, அன்று நிறைவு செய்திருக்கிறார்கள். அதற்குத்தான் தோரணம். மணநூல் என்றே பெயர் பெற்ற அந்தக் காப்பியம் 1887-இல் அச்சேறியது. ஒரு நூலைப் படித்து முடித்ததை மணவிழாவைப் போல் கொண்டாடிய வாசல்கள் தமிழ்நாட்டில் இருந்தன. அவை சமணர் வீட்டு வாசல்கள்.

சுருத பஞ்சமியும் அத்தகைய விழாவே. தரசேனரிடம் கேட்டறிந்ததைப் புட்பதந்தரும் பூதபலியும் சட்கண்டாகமமாக எழுத்தில் நிறுத்திய நிறைவைப் போற்றும் நாள். பூதபலி திரமிள நாட்டுக்குச் சென்றார் என்று தவளை உரை சொல்வதால், தமிழ் மண்ணுக்கு அந்நாளில் தனி உரிமை உண்டு. அன்று ஆகமங்களை எடுத்துத் தூசி தட்டி, பழைய உறையை நீக்கிப் புதுத் துணியில் கட்டி வழிபடுவது மரபு. அதன் எழுதப்பட்ட வடிவம் மூடபித்ரியில் இத்தனை நூற்றாண்டு ஓலையில் நிலைத்ததற்குத் துணியும் ஒரு காரணம். இந்த விழாவுக்குரிய கைவினை ஒரு சதுரத் துணி மட்டுமே. தொம்பையின் ஆடம்பரம் எதுவும் அதில் இல்லை. ஆனால் பரணில் கேட்பாரற்றுக் கிடக்கும் தாத்தாவின் ஏட்டுக்கு அந்தச் சதுரத் துணி கிடைக்குமா கிடைக்காதா என்பதைப் பொறுத்து, ஒரு நூல் இருக்கவும் கூடும், இல்லாமற்போகவும் கூடும்.

ஆகவே செய்முறையைக் கூறுவது தகும். சாயம் ஏற்றாத பருத்தித் துணியை எடுத்து, கஞ்சி முற்றும் போகும்வரை இரண்டு மூன்று முறை அலச வேண்டும். கஞ்சி பூச்சியை அழைக்கும். செந்நிறம் வேண்டுவோர் சாயம் ஒட்டாது என்பதை ஈரத்தில் தேய்த்துப் பார்த்துக்கொள்ள வேண்டும். ஏட்டுக்கட்டின் நீளத்தைப் போல் இரு மடங்கு பக்கமுள்ள சதுரம் போதும். ஏட்டை நிழலில் காற்றாட வைத்து, மெல்லிய தூரிகையால் ஒவ்வோர் இதழாகத் துடைத்து, மேலும் கீழும் மரச்சட்டம் வைக்க வேண்டும். துணியின் நடுவில் மூலைவாட்டாக வைத்து, நான்கு முனைகளையும் ஒன்றன்மேல் ஒன்றாக மடிக்க வேண்டும். சிறு துணிமுடிச்சில் வசம்பு வைக்கலாம். நெகிழி உறையில் ஒருபோதும் இடக்கூடாது; உள்ளே நிற்கும் ஈரம் ஏட்டைக் கெடுத்துவிடும். ஊசி, கவ்வி எதுவும் வேண்டா. கட்டுவதற்கு உருட்டுக் கயிற்றைத் தவிர்த்துத் தட்டையான பருத்தி நாடாவைப் பயன்படுத்த வேண்டும்; உருட்டுக் கயிறு ஓரத்தை அறுக்கும். முடிச்சு ஏட்டின் முகத்தில் அழுத்தாமல் பக்கவாட்டில் விழ வேண்டும். நூலின் பெயரையும், கட்டிய நாளையும், கட்டியவர் பெயரையும் ஒரு துண்டுக் கைத்தாளில் எழுதி நாடாவில் கோத்துவிட்டால், அடுத்த சுருத பஞ்சமியில் அவிழ்ப்பவர்க்கு உதவும்.